முதலில் ஒரு திருப்புளி செய்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அதோடு வந்த பட்டியலும் கிடைத்தன. பக்கத்து வீட்டுப் பெரியவர் உனக்கென்று விட்டுச்சென்ற ஒற்றைக்குழல் வேட்டைத் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து, விரிசல் விட்ட கட்டையைச் சரிசெய்து, அவர் காலத்தில் இருந்த கோலத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதற்காக நாற்பத்திரண்டு கருவிகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே விலையும் போட்டு, "இதில் எதை முதலில் வாங்கட்டும், ஐயா?" என்று கேட்டிருக்கிறாய்.

பட்டியலை இரண்டு முறை படித்தேன். கெட்டியான வைஸ் ஒன்று வாங்கு. நல்ல அரம் நாலைந்து, மூலைமட்டம், வெர்னியர் காலிப்பர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, இவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். மீதியில் பாதிக்குமேல் உன் கையாலேயே செய்துகொள்ளக் கூடியவை. செய்துகொள் என்றுதான் சொல்வேன். காசு மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ராவிச் செய்யும் திருப்புளியைக் கடையில் சில டாலருக்கு வாங்கிவிடலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கற்றுத்தருவது எந்தக் கடையிலும் கிடைக்காது. கருவியைச் செய்ய உட்காரும்போதுதான் வேலை நம்மிடம் என்ன கேட்கிறது என்பது கண்ணில் படத் தொடங்கும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

நான் கோவையில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். ஆரம்ப மாதங்களில் எங்களுக்கு அரம் ஒன்றுதான் எல்லாம். இரும்புத் துண்டை வைஸில் பிடித்து ஒரு முகத்தைத் தட்டையாக ராவ வேண்டும். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால், இடுக்கில் கீற்று வெளிச்சம்கூடக் கசியக் கூடாது. அந்தப் பயிற்சியோடு பல வருடம் டூல்ரூமில் இருந்துவிட்டு இந்தப் பென்சில்வேனியாவுக்கு, லங்காஸ்டர் பக்கம் வந்து சேர்ந்தேன். இரும்பு எனக்குத் தெரியும் என்ற எண்ணம் நிறையவே இருந்தது.

வந்த இரண்டாம் வருடம், அண்டைப் பண்ணைக்காரர் ஒருவர் தம் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். அடித்தட்டில் கொடியும் இலையுமாகச் சித்திரம் செதுக்கிய பழைய துப்பாக்கி. கையில் இருந்த வீட்டுத் திருப்புளியைத் திருகாணியின் காடியில் வைத்து அழுத்தித் திருகினேன். ஆணி அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். முனை காடியைவிட்டு ஏறி, வழுக்கி, அந்தக் கொடியின் குறுக்கே ஒரு கோடு கிழித்துக்கொண்டு போயிற்று. ஆணித் தலையில் காடியின் இரு உதடுகளும் பிதுங்கி நின்றன. பெரியவர் கோபிக்கவில்லை. விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் தாத்தா வாங்கியது" என்று மட்டும் சொன்னார். முப்பது வருடம் ஆகிறது. அந்தக் கோடு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அன்று இரவு அந்தத் திருப்புளியை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். துப்பாக்கி ஆணியின் காடியோ இரண்டு சுவரும் நேராக இறங்கும் பள்ளம். ஆப்பை அந்தப் பள்ளத்தில் வைத்தால் அது காடியின் மேல் உதட்டை மட்டுமே தொடும். அடி வரை வெற்றிடம். திருகும்போது முழு விசையும் அந்த மெல்லிய உதட்டின் மேல் விழுகிறது. சரிவு வேறு முனையை மேலே தள்ளுகிறது. ஆகவே வழுக்கியதற்குக் காரணம் என் கைபலம் குறைந்தது அல்ல. அந்த வடிவம் வழுக்கத்தான் செய்யும். காடியின் அடிவரை இறங்கி, இரண்டு சுவரையும் முழுமுகமாகத் தொட்டு, ஆணித் தலையின் அகலத்துக்கு மயிரிழை உள்ளடங்கி நிற்கும் முனை வேண்டும். அது ஒவ்வோர் ஆணிக்கும் ஒவ்வோர் அளவு. அதனால்தான் துப்பாக்கி வேலை செய்பவர்களின் மேசையில் திருப்புளிகள் டஜன் கணக்கில் கிடக்கின்றன.

ஆகையால் உன் முதல் வேலை ஒரு திருப்புளி. எப்படிச் செய்வது என்று சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த ஒன்றில் மற்ற எல்லாம் அடங்கியிருக்கின்றன.

முதலில் காடியை அள. ஃபீலர் கேஜின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார். எது ஆடாமல், இறுகவும் இறுகாமல் நிற்கிறதோ அதுதான் முனையின் கனம். பழைய துப்பாக்கிகளில் அது ஒரு மில்லிமீட்டர் அளவில், பலவற்றில் அதற்கும் குறைவாக இருக்கும். பிறகு ஓ-1 என்ற எண்ணெய்த் தோய்ச்சல் உருக்கில் ஆறு மில்லிமீட்டர் கம்பி வாங்கு. இங்கே டிரில் ராட் என்று கேட்டால் தருவார்கள். கடையிலிருந்து வரும்போது அது மெதுவாகவே இருக்கும். அரம் நன்றாகப் பிடிக்கும்.

வெறுங்கையால் ராவினால் இரண்டு முகமும் இணையாக வராது. அரம் முன்னே போகும்போது ஒரு பக்கமும் முடியும்போது மறுபக்கமும் தாழும். எல்லார் கையும் அப்படித்தான். இங்கேதான் ஜிக், அதாவது வேலையைப் பிடித்து நிறுத்திக் கருவிக்கு வழிகாட்டும் அமைப்பு, வருகிறது. இருபது மில்லிமீட்டர் சதுர இரும்புக்கட்டை ஒன்றை எடுத்து, நீளவாக்கில் நட்டநடுவே கம்பி நுழையும் துளை போடு. பக்கத்தில் சிறு மரை போட்டு, கம்பியைப் பிடித்து நிறுத்த ஓர் ஆணி. கம்பியின் நுனி கட்டைக்கு வெளியே பதினைந்து மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். கட்டை உட்கார ஒரு தட்டையான பலகை இரும்பு. நுனிக்கு இருபுறமும், வேண்டிய உயரத்தில், தேய்ந்துபோன பழைய அரத்தின் துண்டுகளைத் தண்டவாளம் போலப் பொருத்து. அந்தத் துண்டுகள் உன் அரத்தைவிட மெதுவானவை அல்ல. ஆகவே அரம் நுனியை ராவிக்கொண்டே இறங்கி, தண்டவாளத்தைத் தொட்டதும் கடிப்பதை நிறுத்தி வழுக்கத் தொடங்கும். கைக்கு அது உடனே தெரியும். காதுக்கும் தெரியும், சத்தம் மாறிவிடும். கட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுமுகத்தையும் அப்படியே ராவு. இரண்டு முகமும் கட்டையின் அடியிலிருந்து ஒரே தூரம். ஆகவே இணை.

இதில் ஒரு எச்சரிக்கையை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். இந்த ஜிக்கை முதன்முறை செய்து முடித்த உற்சாகத்தில் ஒரே வாரத்தில் பதினோரு முனைகள் ராவினேன். அத்தனையும் பளபளவென்று அச்சில் வார்த்த மாதிரி ஒரே சீராக இருந்தன. பன்னிரண்டாவதைக் காலிப்பரில் வைத்தபோதுதான் நுனியில் கனம் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் இருப்பதைப் பார்த்தேன். பலகை இரும்பில் துளை போட்டபோது எழுந்த பிசிறு ஒன்றை நான் எடுக்கவில்லை. அது கட்டையின் முன்விளிம்புக்கு அடியில் இருந்து நுனியை மயிரிழை தூக்கிவிட்டது. திருப்பி வைத்தாலும் அதே தூக்கல். ஆகவே இரண்டு பக்கமும் ஒரே அளவு சரிவு; பார்க்க அழகான சமச்சீர். எந்த ஆப்பு வடிவத்திலிருந்து தப்பிக்க ஜிக் செய்தேனோ அதே ஆப்பைப் பன்னிரண்டு முறை செய்து வைத்திருந்தேன்.

தம்பி, ஜிக்கைப் பற்றி நான் அறிந்த மிகப் பெரிய உண்மை இதுதான். அது உன் சரியை எவ்வளவு விசுவாசமாகத் திரும்பச் செய்கிறதோ, உன் தவறையும் அதே விசுவாசத்தோடு திரும்பச் செய்யும். வெறுங்கை தவறினால் ஒரு முறை தவறும், அடுத்த முறை வேறு விதமாகத் தவறும், கண்ணில் பட்டுவிடும். ஜிக்கின் தவறு ஒழுங்கின் உடையணிந்து வரும். ஆகையால் எந்த ஜிக்கிலும் முதலில் வரும் துண்டு அந்த ஜிக்கைச் சோதிக்க மட்டுமே. அதை அள, திருப்பி அள, பிறகு தூக்கிப் போடு. இரண்டாவது துண்டிலிருந்துதான் வேலை.

இனித் தோய்ச்சல். கம்பி நுனியைத் தீயில் காட்டு. சிவந்து வரும்போது ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இரு. சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்துக்கு மயங்குவதை விட்டுவிடும். அதற்கும் சற்று மேலே, 800 டிகிரிப் பக்கம், அடர்ந்த செர்ரிப்பழச் சிவப்பில் கொஞ்ச நேரம் நிறுத்தி, வெதுவெதுப்பான எண்ணெயில் நேராக இறக்கு. சாய்த்து இறக்கினால் கோணும். வெளியே எடுத்து அரத்தை வைத்துப் பார். கண்ணாடிமேல் போல வழுக்கினால் தோய்ச்சல் பிடித்துவிட்டது. ஆனால் இந்த நிலையில் அது கண்ணாடி போலவே உடையும். அப்படியே காடியில் வைத்துத் திருகினால் நுனி தெறித்து முகத்துக்கு வரும்.

அதனால் பதம் பார்க்க வேண்டும். நுனியை உப்புத்தாளில் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்கு. நுனிக்குப் பின்னால் ஓர் அங்குலம் தள்ளிச் சிறு தீயைக் காட்டு. அவசரப்படாதே. வெள்ளை இரும்பின்மேல் முதலில் வைக்கோல் நிறம் ஒன்று புகைபோலத் தோன்றி நுனியை நோக்கி நகரும். அதன்பின் பழுப்பு, பிறகு கத்தரிப்பூ, பிறகு நீலம். இரும்பின்மேல் படியும் ஆக்சைடுப் படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. வைக்கோல் நிறம் என்றால் ஏறக்குறைய 220, 230 டிகிரி; நீலம் என்றால் 300 பக்கம். உளிக்கும் சுரண்டிக்கும் வைக்கோல் நிறத்திலேயே நிறுத்து, விளிம்பு மழுங்காது. திருப்புளி முறுக்கைத் தாங்க வேண்டும். ஆகவே கத்தரிப்பூ முடிந்து நீலம் தொடங்கும் நேரத்தில் நுனி வரும்வரை விட்டு, உடனே எண்ணெயில் இறக்கு. அந்த நிறங்கள் நகர்வதை முதன்முறை பார்க்கும் நாளை நீ மறக்கமாட்டாய். எத்தனை புத்தகம் படித்தாலும் உருக்கு என்றால் என்ன என்பது அந்த அரை நிமிஷத்தில்தான் புரிகிறது.

பின்னாளில் கடைத் திருப்புளியைச் சாணையில் பிடித்துத் திருத்தும்போதும் இதை நினைவில் வை. நுனி நீலமானால் நீ தெரியாமலேயே பதத்தை இறக்கிவிட்டாய். இரண்டு விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் தோய்.

திருப்புளிக்கு அடுத்து, பிடித்துக்கொள்ளும் கருவிகள். இந்தக் கலையில் பாதிச் சேதம் வெட்டும் கருவியால் வருவதில்லை, பிடிமானம் சரியில்லாமல் வருகிறது. வைஸின் பல் குழலில் பதிந்தால் அந்தத் தழும்பு போகாது. அலுமினியக் கோணப்பட்டை இரண்டை வாய் அகலத்துக்கு வெட்டி உள்ளே தோல் ஒட்டினால் வைஸுக்கு மெத்தை வாய் தயார். குழலைப் பிடிக்க, கெட்டி மரத்துண்டு ஒன்றில் குழலின் பருமனுக்குத் துளை போட்டு, அதை நடுவாக அறுத்து இரண்டு பாதியாக்கு. ரம்பம் தின்ற கனம்தான் அழுத்திப் பிடிக்க இடம் தருகிறது. வழுக்கினால் உள்ளே குங்கிலியப் பொடி தூவு.

சிறு ஊசிகளைத் தட்டி வெளியேற்ற இங்கே பலர் பனிவளைதடி ஆட்டத்தின் ரப்பர் வட்டை எடுத்து, அதில் துளைகளும் ஒரு வி-காடியும் போட்டு அடிமனையாக வைத்திருக்கிறார்கள். நீ இருக்கும் இடத்திலும் அது சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். தட்டுவதற்குப் பித்தளைக் கம்பித் துண்டு. இரும்பு இரும்பைத் தொட வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எங்கும் பித்தளையோ மரமோ தோலோ இடையில் இருக்கட்டும்.

உன் கட்டையில் விட்டிருக்கும் விரிசலுக்கு வருகிறேன். பிடிக்கழுத்துப் பக்கம் பல வருட எண்ணெய் ஊறியிருக்கும். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. சாக்குக்கட்டிப் பொடியை அசிட்டோனில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் அது எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு மஞ்சளாகும். துடைத்துவிட்டுத் திரும்பப் பூசு. பொடி வெள்ளையாகவே உலரும்வரை செய்ய வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகே நெருப்பு வேண்டாம். பசை போட்டபின் இறுக்கிக் கட்டுவது எப்படி? வளைந்தும் நெளிந்தும் போகும் அந்த இடத்தில் எந்த கிளாம்பும் உட்காராது. பழைய சைக்கிள் டியூபை நீளநாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்று. எந்த வடிவமானாலும் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் கிடைக்கும். செலவே இல்லாத இந்த ஜிக்குக்கு ஈடான ஒன்றைக் கடையில் நான் பார்த்ததில்லை.

மரத்தில் இரும்பைப் பதிக்கும் வேலை இன்னும் நுட்பமானது. இரும்புப் பாகத்தின் அடியில் விளக்குக்கரியை வாசலினில் குழைத்து மெல்லிதாகத் தடவி, மரத்தில் வைத்து அமுக்கி எடுத்தால், எங்கே தொடுகிறதோ அங்கே மட்டும் கரி ஒட்டும். அந்தக் கரும்புள்ளியை மட்டும் சுரண்டு. திரும்ப வை, திரும்பச் சுரண்டு. இருநூறு முறை ஆகலாம். முதலில் மூன்றே புள்ளிகள் தெரியும்; பிறகு பத்து; கடைசியில் முழுப் பள்ளமும் சன்னமாகக் கறுத்து நிற்கும். அன்றைக்கு இரும்பும் மரமும் ஒன்றையொன்று முழுசாகத் தாங்குகின்றன என்று பொருள். சுரண்டுவதற்கு உடைந்த ஹாக்ஸா பிளேடு துண்டுகள் போதும். முனையை வேண்டிய வளைவுக்குச் சாணை பிடித்து, மரப்பிடி போட்டுக்கொள்.

கைப்பிடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்து வைரக் கட்டங்கள் வெட்டும் வேலை உனக்குப் பிடித்திருப்பதாக எழுதியிருந்தாய். அதற்குத் தொட்டில் ஒன்று வேண்டும். இங்கே அதைத் தொட்டில் என்றே சொல்கிறார்கள். நீளமான ஒரு மரச்சட்டம், இரண்டு முனையிலும் நிற்கும் தூண்கள், ஒரு தூணில் கட்டையின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கிண்ணம், மறுதூணில் முன்பக்கத்தைப் பிடிக்கும் முளை. இடையில் கட்டை உருளும், வேண்டிய கோணத்தில் நிற்கும். மேசையில் கட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி நீ வளைந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் உன் கையின் கோணம் மாறும். தொட்டிலில் கட்டைதான் திரும்புகிறது. உன் முழங்கையும் கண்ணும் வெளிச்சமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தேர்ந்தவர்கள் அங்குலத்துக்கு 24 கோடுகளுக்கு மேலும் போவார்கள். நீ 18-இல் தொடங்கு. அகலத்தைப்போல மூன்று மடங்கு நீளமுள்ள ஒரு வைரத்தைக் கெட்டி அட்டையில் வெட்டி, முதல் இரண்டு கோடுகளையும் அதை வைத்தே போடு. மற்ற நூற்றுக்கணக்கான கோடுகளும் அந்த இரண்டின் பிள்ளைகள். தாய்க்கோடு கோணினால் கடைசிவரை கோணல்தான். முதலில் விறகுக் கட்டையில் வெட்டிப் பழகு. பெரியவரின் கட்டையைத் தொட ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை.

நான் இருக்கும் இந்த மண்ணுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்து இந்தப் பகுதியில் குடியேறிய கொல்லர்கள்தான், சுருட்டை ரேகை ஓடும் மேப்பிள் கட்டையில் நீளக்குழல் வைத்து, பென்சில்வேனியா ரைபிள் என்று இன்று பெயர்பெற்ற அந்தத் துப்பாக்கியை உருவாக்கினார்கள். அவர்கள் பட்டறையின் விலைமதிப்பான சொத்து ஒரு மர உருளை. அதன் உடம்பில் நீளத் திருகலாகக் காடிகள் ஓடும். அந்த உருளையின் முறுக்குத்தான் குழலின் உள்ளே வெட்டும் வரிகளின் முறுக்கைத் தீர்மானித்தது. உருளை நிலைத்திருக்கும்வரை அந்தப் பட்டறையின் குழல்கள் எல்லாம் ஒரே முறுக்கு. அந்தக் கொல்லன் ஒருமுறை பொறுமையாக யோசித்ததை அந்த மரம் பிறகு எத்தனையோ வருடம் நினைவில் வைத்திருந்தது. ஜிக் என்பது கொல்லனின் ஞாபகம். 1969-இல் வெளிவந்த 'கன்ஸ்மித் ஆஃப் வில்லியம்ஸ்பர்க்' என்ற படத்தைத் தேடிப் பார். வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் பழைய காலத்துக் கருவிகளையே கொண்டு ஒரு ரைபிளை முழுவதுமாகக் கையால் செய்வதைக் காட்டுகிறது. துப்பாக்கியைப் பார்க்காதே, ஒவ்வொரு வேலைக்கும் அவர் பொருளை எப்படிப் பிடித்து நிறுத்துகிறார் என்று பார்.

படிக்கவும் இருக்கிறது. ஜேம்ஸ் வர்ஜில் ஹோவின் 'மாடர்ன் கன்ஸ்மித்' 1934-இல் வந்த நூல். கருவி செய்வதற்கு அதில் நிறைய இடம் உண்டு. அயோவாவில் 1939-இல் தொடங்கிய பிரவுனெல்ஸ் கடையின் பாப் பிரவுனெல், தொழில்காரர்கள் தம் பட்டறையில் கண்டுபிடித்த சின்னச் சின்ன உத்திகளைத் திரட்டி 'கன்ஸ்மித் கிங்க்ஸ்' என்று புத்தகமாக்கினார். முதல் தொகுதி 1969. ஒருவர் பல நாள் திண்டாடிக் கண்டதை முகம் தெரியாத இன்னொருவருக்கு நாலு வரியில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீயும் ஒரு நோட்டுப் போடு. செய்த ஒவ்வொரு ஜிக்குக்கும் ஒரு பக்கம்: எதற்குச் செய்தாய், அளவென்ன, எங்கே தவறிற்று.

இப்போது நீ கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் பட்டியலில் முப்பத்தேழாவது வரியில் விசையின் கொக்கியைத் தீட்டும் ஜிக் ஒன்று இருக்கிறது. அதை அடித்துவிடு. வாங்கவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம்.

விசையை இழுக்கும்வரை, தோட்டாவை வெடிக்கவைக்கும் குதிரையைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு சிறு இரும்பு விளிம்புகள். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அவற்றின் மேல்தோல் மட்டுமே கெட்டி. உள்ளே மெதுவான இரும்பு. விசை இலகுவாக வேண்டுமென்று கல்லில் தீட்டினால் அந்தத் தோல் போய்விடும். அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒருநாள் மெதுவான இரும்பு தேய்ந்து, யாரும் விசையைத் தொடாமலே குதிரை விழும். அந்த நேரம் குழல் யாரை நோக்கி இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. தோட்டா உட்காரும் அறையும் குழலைப் பூட்டும் பாகங்களும் அப்படியே. அழுத்தத்தைத் தாங்கும் பாகங்களும், வெடிக்காமல் தடுக்கும் பாகங்களும் உரிமம் பெற்ற தொழில்காரரின் வேலை. துப்பாக்கியைச் சுடும் முன் ஒருமுறை அவரிடம் காட்டியே தீர வேண்டும். நல்ல ஜிக் கையில் இருப்பதே சிலருக்கு இல்லாத தைரியத்தைக் கொடுத்துவிடும். கோணத்தை அது சரியாகப் பிடிக்கும். அந்தக் கோணம் அங்கே வேண்டுமா என்பதை அது அறியாது. அதை அறிய வேண்டியவன் நீ.

பட்டறை விதி மூன்று. துப்பாக்கியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும், நேற்று நீயே வைத்ததானாலும், திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார், விரலை விட்டும் பார். தோட்டா இருக்கும் அறையில் பட்டறை வேண்டாம். கூடத்தில் விருந்தாளி இருந்தால் வேலையை நிறுத்து. பேச்சும் இந்த வேலையும் ஒன்றாக ஓடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் துப்பாக்கியை நீ துடைத்துக்கொள்வது வேறு. பிறர் துப்பாக்கியைத் தொழிலாக எடுத்துப் பழுது பார்க்க அமெரிக்காவில் ஃபெடரல் உரிமம் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதிகளும் உண்டு, தெரிந்துகொண்டு செய். ஊருக்குப் போகும்போது இந்த ஆசையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகாதே. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே உரிமம் வேண்டும். அங்கே உன் சித்தப்பா பிள்ளை இதைக் கேட்டுக் கற்க விரும்பினால் திருப்புளி செய்வதையும் தோய்ச்சலையும் தொட்டிலையும் சொல்லிக்கொடு. கடிகாரத்துக்கும் தையல் மிஷினுக்கும் வீணைக்கும் அதே கைதான் வேண்டும்.

உன் பட்டியலில் கடைசியாக ஒரு கேள்வி எழுதியிருந்தாய்: "இதில் தேர எத்தனை நாளாகும்?" அன்று நான் கிழித்த கோட்டைப் பண்ணைக்காரர் அழிக்க விடவில்லை. அழிக்கப் போனால் தாத்தா காலத்துச் சித்திரமும் தேயும் என்றார். ஆனால் பிதுங்கிய அந்த ஆணித் தலையை மூன்று மாதம் கழித்து அவரிடமே கேட்டு வாங்கி, நானே செய்த திருப்புளியால் கழற்றி, உதடுகளைத் தட்டிச் சேர்த்து, ராவி, பழைய இடத்தில் பூட்டினேன். காடி குழலோடு நேர்கோட்டில் வந்து நின்றது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். கிறுக்கிய கோட்டைத் தடவிய அதே விரல். அதற்குப் பிறகு நான் நாட்கணக்குப் பார்த்ததில்லை.

ஆகவே ஒன்றே ஒன்று செய். பட்டியலை மேசை இழுப்பறையில் வை. பெரியவரின் துப்பாக்கியில் ஓர் ஆணியைத் தேர்ந்தெடு. அந்த ஒன்றுக்கு மட்டும் பொருந்தும் திருப்புளியைச் செய். ஆணியைக் கழற்று, துடை, திரும்பப் பூட்டு. பிறகு எனக்கு ஒரு படம் அனுப்பு. திருப்புளியின் படம் வேண்டாம். ஆணித் தலையின் படம்.

அன்புடன்,
லங்காஸ்டரிலிருந்து உன் ஐயா